இடவலம்

நாற்பது வருஷம் ஒரு சோபாக் கடையைத் தேடினோம்
நானும் தம்பி செவெரினும்.
படத்தில் எங்கள் தலைக்கு மேல் ஒரு பெயர்ப்பலகை,
ஓ, டி, ஓ என்று மூன்றெழுத்து.
மிச்சத்தை விளக்குக் கம்பமும் படத்தின் ஓரமும் தின்றுவிட்டன.
"ஓட்டோமானா" என்றான் செவெரின்.
சாய்ந்து படுக்கிற சோபாவுக்கு எங்கள் போலிஷில் அதுதான் பெயர்.
போன ஊரிலெல்லாம் கிழவர்களை நிறுத்திக் கேட்டான்:
இடப்பக்கம் கோபுரம்,
வலப்பக்கம் சரிந்து இறங்கும் தெரு,
நடுவில் சோபாக் கடை.
அப்படி ஒரு முக்கே கிடையாது என்றார்கள்.
போரில் போயிருக்கும் என்றார் ஒருவர், ஆறுதலாக.
நாங்களே போர் முடிந்து பிறந்தவர்கள்.

பின்பக்கம் அம்மாவின் பென்சில்:
நாங்கள் நால்வர். ஞாயிறு.
ஊர் இல்லை, வருஷம் இல்லை.
ஞாயிறு மட்டும் எதற்கு?

முப்பத்தொரு வருஷம் கோட்டு தைத்தவள் நான்,
பித்தான் தைத்தே விரல் காய்த்தவள்.
அப்பாவின் கோட்டு
பெண்பிள்ளைக் கோட்டு மாதிரி மூடியிருப்பதை
மார்ச்சில் கண்புரை எடுத்த பிறகுதான் பார்த்தேன்.
வலது மடிப்பு மேலே, இடது கீழே.
எந்தத் தையல்காரனும் ஓர் ஆணுக்கு அப்படி வெட்டமாட்டான்.
பிரிண்டு போட்டவன் தூக்கக் கலக்கத்தில்
நெகட்டிவைப் புரட்டி வைத்திருக்கிறான்,
அவ்வளவுதான்.

குளியலறைக் கண்ணாடிக்கு முன் படத்தைப் பிடித்தேன்.
கோபுரம் வலப்பக்கம் போய் நின்றுகொண்டது.
லூப்லின். ரயிலடிக்கு இறங்கும் தெரு.
வாராவாரம் நூல்கண்டு வாங்கப் போன முக்கு.
ஓ, டி, ஓ அப்படியே இருந்தது,
அந்த எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான்.
கம்பம் மட்டும் இப்போது அவற்றுக்கு முன்னால்,
கம்பத்தின் பின்னால் ஒளிந்திருக்கிறது ஓர் எஃப்.
போட்டோக் கடை!
பல் தேய்க்கிற இடத்தில் தனியாக நின்று சிரித்தேன்.

மற்றவை கேட்காமலே வந்தன.
வானத்தில் இரட்டைக் கம்பி: டிராலிபஸ்.
லூப்லினில் அது ஓடத் தொடங்கியது ஐம்பத்து மூன்றில்.
என் வாயில் ஒரு முன்பல் இல்லை.
மாடிப்படியில் விழுந்து உடைத்தாய் என்பான் செவெரின்,
படத்தில் அவனுக்கு மூன்று வயது, என்னத்தைக் கண்டான்.
பல் தானாக விழுந்தது. எனக்கு ஆறு.
ஐம்பத்து நாலு.
அம்மாவின் மோதிரம்
வலக்கையிலிருந்து இடக்கைக்கு வந்திருந்தது.
கட்டியவன் இருக்கும்வரை வலக்கை,
போனபின் இடக்கை, எங்கள் பக்கத்து வழக்கம்.

அப்பா, சர்க்கரை ஆலைத் தியோஃபில்,
ஐம்பத்திரண்டு பிப்ரவரியில் செத்துப்போனார்.

தொப்பி நிழலில் பாதி முகம்.
செவெரினை ஒரு கையில் இருத்தியிருக்கிறார்,
பிள்ளை தூக்கிப் பழகிய கை.
யாரய்யா நீ?

இந்த முகத்தைத்தான் வெட்டியெடுத்து
முட்டை வடிவப் பீங்கானில் சுட்டு
அப்பாவின் கல்லறையில் பதித்தோம், எண்பத்தாறில்,
என் மூன்று மாதச் சம்பளத்துக்கு.
அம்மா வந்து பார்த்தாள்.
கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தாள்.
"நன்றாயிருக்கிறது" என்றாள்.
அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் இருந்தாள்.

நவம்பர் முதல் தேதி, கல்லறைத் தோட்டம் முழுக்க விளக்கு.
செவெரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன்,
பித்தான், கம்பி, பல், மோதிரம்.
அவன் பீங்கான் மேல் ஒட்டியிருந்த இலையைக்
கட்டைவிரலால் தள்ளினான்.
அழுவான் என்று நினைத்தேன்.
"ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்குமே, லுட்கா" என்றான்.
"நாலு பேரும் படத்தில் இருக்கிறோம்.
எடுத்தது யார்?"

கடைச் சாவி உள்ளவன்.
பொத்தானை அமுக்கிவிட்டு ஓடிவந்து
பிள்ளையைத் தூக்கிக்கொள்ளத் தெரிந்தவன்.
இருட்டறையில் தன் படத்தைத் தானே கழுவியவன்.

தூக்கக் கலக்கம் என்றேனே.
எது இடம், எது வலம் என்று
அவனுக்கா தெரியாது?
உலகத்திலேயே அந்த ஒரு காகிதத்தில்
அம்மாவின் மோதிரம்
வலக்கையில் இருக்கிறது.